செருகினால்தான் சிக்கனம்

கிணற்று மேட்டில் ஒரு காலத்தில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். மோட்டார் கொட்டகைக்குள் கரண்ட் மோட்டார். அதை ஒட்டிச் சாக்குப் போட்டு மூடிய ஆயில் இன்ஜின். த்ரீ ஃபேஸ் வந்தால் மோட்டார் ஓடும். வராத நாளில், தக்காளிச் செடி வாடுகிற அவசரத்தில், டீசல் ஊற்றி ஹேண்டிலைச் சுற்றி இன்ஜினைக் கிளப்புவார்கள். தர்மபுரி மாவட்டத்தின் மாரண்டஹள்ளி, பாலக்கோடு வட்டாரத்தில் இந்த ஏற்பாட்டை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கரண்ட் இருக்கும்போதே டீசலைக் கொளுத்துகிற விவசாயி எங்கும் கிடையாது.

பிளக்-இன் ஹைபிரிட் கார், அந்த இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிய சங்கதி. பெட்ரோல் டேங்கும் உண்டு, வீட்டுச் சுவரிலிருந்து சார்ஜ் போட்டுக்கொள்ளும் பேட்டரியும் உண்டு. பேட்டரி தீரும் வரை மின்சாரம், பிறகு பெட்ரோல். ஆனால் இதை வாங்கியவர்களில் பலர் அந்த விவசாயியைப் போல நடந்துகொள்வதில்லை என்பதுதான் வேடிக்கை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மாரண்டஹள்ளியை மையமாக வைத்து இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் ஓசூர். டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டர் அங்கே தயாராகிறது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் இருவரும் தொடங்கிய ஏதர் நிறுவனமும் 2021 முதல் அங்கேதான் வண்டி செய்கிறது. கிழக்கே போச்சம்பள்ளிப் பக்கம் 500 ஏக்கரில் ஓலா தொழிற்சாலை. இந்தியச் சாலைகளில் ஓடுகிற மின் ஸ்கூட்டர்களில் கணிசமான பங்கு இந்தத் தக்காளி பூமியைச் சுற்றியே பிறக்கிறது. பேட்டரி வண்டி இங்கே புதுமை இல்லை. கரண்ட் கட்டும் லோ வோல்டேஜும் கூடப் புதுமை இல்லை. பிளக்-இன் ஹைபிரிட் நல்லதா கெட்டதா என்று சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான மண் கிடைக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றையும் ஷோரூமில் ஹைபிரிட் என்றுதான் விற்கிறார்கள். அவற்றுக்குச் சார்ஜ் போடும் துளை கிடையாது. பேட்டரி மிகச் சிறியது. ஒன்றரை யூனிட் அளவுக்கு மேல் கொள்ளாது. யூனிட் என்பது ஈபி ரீடிங்கில் வருகிற அதே யூனிட்தான். அந்தக் கார்களில் ஓடுகிற ஒவ்வொரு துளி மின்சாரமும் பெட்ரோலிலிருந்து பிறந்தது. வண்டி நின்றும் கிளம்பியும் போகும்போது வீணாவதைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பதே அவற்றின் வேலை. பிளக்-இன் ஹைபிரிட்டின் பேட்டரி பெரும்பாலும் 9 யூனிட்டிலிருந்து 20 யூனிட் வரை இருக்கும். ஒரு சார்ஜில் 40, 50 கிலோமீட்டர், சில வண்டிகளில் அதற்கு மேலும், பெட்ரோல் வாசனையே இல்லாமல் போகலாம். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போய்த் திரும்ப அது தாராளம். தர்மபுரி வரை போகலாம். திரும்பி வர அங்கே ஓரிடத்தில் சார்ஜ் போட வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் கை கொடுக்கும்.

இரண்டையும் ஏன் சுமக்க வேண்டும்? 2010 டிசம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவர்லே வோல்ட் காரைப் பாருங்கள். அதன் பேட்டரி 16 யூனிட். எடை ஏறக்குறைய 200 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். அதாவது 200 கிலோ பேட்டரி சுமக்கிற அத்தனை ஆற்றலும் இரண்டு லிட்டருக்கும் குறைவான பெட்ரோலில் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமி அழுத்தி வைத்த சரக்கு அது. பேட்டரி அதோடு போட்டி போட முடியாது.

ஆனால் அந்த 9 யூனிட்டை இன்ஜின் என்ன செய்கிறது? மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ வெப்பமாக்கி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளியே விடுகிறது. அதிலும் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் உறுமிக்கொண்டு நிற்கும்போது மொத்தமும் நஷ்டம். இன்ஜினுக்கு ஒரே வேகத்தில், ஓரளவு பாரத்தோடு, நீண்ட தூரம் ஓடினால்தான் மதிப்பு. மின் மோட்டார் நேர் எதிர். நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் தரும். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடும். பேட்டரியில் இருந்து வருவதில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குச் சேர்க்கும். ஊருக்குள் மோட்டார், நெடுஞ்சாலையில் இன்ஜின் என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டின் குறையும் மறையும்.

இந்த யோசனைக்கு வயது அதிகம். 1900-இல் ஃபெர்டினான்ட் போர்ஷே என்ற இளம் பொறியாளர் வியன்னாவின் லோனர் கம்பெனிக்காக, பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் உற்பத்தி செய்ய, சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார் வண்டியை இழுக்க, ஒரு காரைச் செய்து காட்டினார். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மாரண்டஹள்ளி ரயில் நிலையம் வழியாக எத்தனையோ ஆண்டுகள் ஓடிய டீசல் ரயில்களின் சக்கரத்தைச் சுற்றியது டீசல் இன்ஜின் இல்லை. இன்ஜின் ஜெனரேட்டரைச் சுற்றியது. அதில் வந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றியது. இப்போது தலைக்கு மேலே மின்கம்பி வந்துவிட்டது, அந்த இடைத்தரகரும் போய்விட்டார். சுவரில் செருகும் ஹைபிரிட் காருக்காகக் கலிபோர்னியாவில் பேராசிரியர் ஆண்ட்ரூ ஃபிராங்க் பல ஆண்டுகள் மாணவர்களை வைத்துப் பாடுபட்டார். தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து முதலில் விற்றது சீனாவின் பிஒய்டி, 2008 டிசம்பரில். அதே கம்பெனி 2024-இல் ஏறக்குறைய 25 லட்சம் பிளக்-இன் ஹைபிரிட் கார்களை விற்றது. முழு மின்சாரக் கார்களில் அது விற்றது சுமார் 17.6 லட்சம்தான்.

இனி நம் சாலைக்கு வருவோம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தர்மபுரி 500 மீட்டருக்கும் கீழே. நடுவில் ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு என்று சாலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் கனமானவை. ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 400 மீட்டர் இறங்கும்போது அந்த எடை விட்டுக்கொடுக்கும் ஆற்றல் 2.2 யூனிட். சாதாரண வண்டியில் அது பிரேக்கில் சூடாகித் தொலையும். மின் மோட்டார் உள்ள வண்டியில் ஒரு விந்தை நடக்கும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுற்றும். மின்சாரத்தை நிறுத்தி, சக்கரம் மோட்டாரைச் சுற்றும்படி விட்டால், அதே மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். காந்தமும் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று கடக்கும்போது மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது இதைத்தான். மின்சாரம் பிறக்கும் அதே நேரத்தில் சக்கரத்துக்கு ஓர் எதிர் இழுப்பும் உண்டாகும். அந்த இழுப்பே பிரேக். வண்டியும் நிதானமாகும், பேட்டரியும் ஏறும்.

இதைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்து தர்மபுரி வந்தால் 2 யூனிட் இலவசம் என்று யாராவது கணக்குப் போட்டால் ஏமாந்து போவார்கள். தூரம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சராசரியாக 225 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் இறக்கம். அவ்வளவு மென்மையான சரிவில் டயர் உராய்வும் எதிர்க்காற்றுமே அந்த ஆற்றலைத் தின்றுவிடும். பேட்டரி ஏறாது, செலவு குறையும், அவ்வளவே. மறுபடி ஓசூருக்கு ஏறும்போது குறைந்ததெல்லாம் திரும்பக் கூடிவிடும்.

தொப்பூர் கணவாய் வேறு கதை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-இல் அந்த இறக்கத்தில் எத்தனை லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கின்றன என்பது இந்த மாவட்டத்துக்கே தெரிந்த சோகம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவது, முழு பாரத்தையும் பிரேக்கே தாங்குவது, அது சூடேறிப் பிடிப்பை இழப்பது. மின் மோட்டார் உள்ள கார் அப்படிப்பட்ட இறக்கத்தில்தான் உண்மையாகச் சம்பாதிக்கும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பேட்டரி நூறு சதவீதம் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடம் இல்லை. அப்போது மோட்டார் பிரேக் பலவீனமாகும். இன்ஜினும் சாதாரண பிரேக்கும் வேலையை ஏற்க வேண்டியிருக்கும். மலை உச்சியில் வீடு உள்ளவர் முழுச் சார்ஜ் போட்டுவிட்டு உடனே கீழே இறங்குவது அதனால் புத்திசாலித்தனம் ஆகாது.

வண்டியில் உள்ள மோடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மின்சாரத்தில் மட்டும் ஓடு என்பது ஒன்று. நீயே பார்த்துக்கொள் என்பது ஒன்று. பேட்டரியை இப்போது தொடாதே, பிறகு வேண்டும் என்பது ஒன்று. மாரண்டஹள்ளியிலிருந்து பெங்களூரு போகிறவருக்கு மூன்றாவதுதான் முக்கியம். ஊரைத் தாண்டியதும் பேட்டரியை நிறுத்தி வைத்து, நான்குவழிச் சாலையில் இன்ஜினை ஓடவிட்டு, ஓசூர் நெரிசலிலும் அதற்கப்பால் பெங்களூரின் சிக்னல்களிலும் மின்சாரத்தை எடுக்க வேண்டும். இன்னொரு மோடும் உண்டு: போகிற போக்கில் இன்ஜினை வைத்தே பேட்டரியை நிரப்புவது. அதை மறந்துவிடுங்கள். பெட்ரோலை மின்சாரமாக்கி, அதைப் பேட்டரியில் ஏற்றி, மறுபடி இறக்கி ஓட்டுவதில் ஒவ்வொரு கட்டத்திலும் நஷ்டம்.

சார்ஜ் போடுவது இதைவிடச் சுவாரசியமானது, ஏனென்றால் அங்கே நம் வீட்டு வயரிங்கின் லட்சணம் வெளிப்பட்டுவிடும். பல பிளக்-இன் ஹைபிரிட்டுகளுக்கு வேகச் சார்ஜர் பொருந்தாது; பொருந்தவும் வேண்டாம். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுத்தால் 2,300 வாட். 12 யூனிட் பேட்டரியை நிரப்ப, வழியில் சூடாகிப் போவதையும் சேர்த்து, சுமார் ஆறு மணி நேரம். இரவு சாப்பிட்டுவிட்டுச் செருகினால் கோழி கூவும் முன் நிரம்பிவிடும். சாயங்காலம் எல்லார் வீட்டிலும் டிவியும் மோட்டாரும் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அதே ஆறு மணி நேரம் ஏழைத் தாண்டும். மிகவும் இறங்கினால் சார்ஜர் தானே நின்றுவிடும்.

ஆபத்து வோல்டேஜில் இல்லை, பிளக் பாயிண்டில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸும் கிரைண்டரும் சிறிது நேரம் ஓடி நிற்பவை. கார் ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். தளர்ந்துபோன சாக்கெட்டில் பின் சரியாகக் கவ்வாமல் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். 10 ஆம்பியரில் அங்கே உண்டாகும் வெப்பம் 10 வாட். 15 ஆம்பியர் இழுத்தால் 15 வாட் இல்லை, 22.5 வாட். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். விரல் நுனி அளவு பித்தளையில் மணிக்கணக்கில் அவ்வளவு சூடு இருந்தால் பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் செருகுவது தீப்பெட்டியை வெயிலில் வைப்பதைவிட மோசமான பழக்கம்.

அடுத்தது எர்த். காரோடு வருகிற சார்ஜிங் கேபிளின் நடுவே ஒரு பெட்டி தொங்கும். செருகியவுடன் அது முதலில் பார்ப்பது எர்த் சரியாக இருக்கிறதா என்பதை. சந்தேகம் வந்தால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். கார் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பல நேரம் கெட்டது கார் இல்லை. தர்மபுரிச் செம்மண் கோடையில் காய்ந்து பாளமாகும்போது எர்த் குழியும் காய்கிறது. மண்ணில் ஈரமும் உப்பும் இருந்தால்தான் கசிகிற மின்சாரம் பூமிக்குள் இறங்கும். அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன்கள் குழியில் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னது சாஸ்திரம் இல்லை, வேதியியல்.

பேட்டரி பற்றி இன்னொன்று. 60 யூனிட் பேட்டரி உள்ள முழு மின்சாரக் கார் 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் ஒரு முறை முழுதாகக் காலியாகி நிரம்பும். 10 யூனிட் உள்ள ஹைபிரிட் 40 கிலோமீட்டருக்கு ஒரு முறை காலியாகும். மின்சாரத்திலேயே ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட்டினால் முதலாவது முந்நூறு சுற்றுதான் சுற்றியிருக்கும். இரண்டாவது 2,000 சுற்றுக்கு மேல். லித்தியம் அயனிகள் ஒரு முனையின் அடுக்குகளிலிருந்து மறுமுனையின் அடுக்குகளுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் சிறு தேய்மானம் உண்டு. முழுக்க நிரப்பினாலும் முழுக்கக் காலி செய்தாலும் அது அதிகம். வோல்ட் காரைச் செய்தவர்கள் அதனால்தான் 16 யூனிட்டில் பத்து யூனிட் சொச்சத்தை மட்டுமே ஓட்டுநருக்குக் கொடுத்தார்கள். மீதி, மேலும் கீழும் பூட்டி வைத்த காப்பு. திரையில் 100 என்று தெரிவது உண்மையான நூறு இல்லை.

கரண்டிலேயே ஓட்டுகிற சமர்த்தருக்கு வேறொரு சிக்கல் வரும்: பெட்ரோல் பழசாகிவிடும். வோல்ட் காரில் இன்ஜின் ஆறு வாரம் சும்மா இருந்தால் தானே கிளம்பிச் சிறிது நேரம் ஓடும். டேங்கில் உள்ள பெட்ரோலுக்கு ஓராண்டு வயதாகிவிட்டால் அதை எரித்துத் தீர்க்கவும் இன்ஜினை ஓட்டும். நம் பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல், மாதம் ஒரு தடவை அரை மணி நேரமாவது இன்ஜினைச் சூடாக ஓடவிடுவது நல்லது. சின்ன 12 வோல்ட் பேட்டரியையும் மறக்கக்கூடாது. அது செத்தால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் கார் கண் திறக்காது.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன அந்த வேடிக்கை. 2021-இல் பதிவான கார்களுக்குள்ளேயே பதிந்திருந்த எரிபொருள் கணக்கை ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்டுகள் சாலையில் விட்ட கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் சொன்னதைப் போலச் சராசரியாக மூன்றரை மடங்கு. வண்டியில் மோசடி இல்லை. வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடவில்லை. ஐரோப்பாவில் இவை பெரும்பாலும் கம்பெனி கொடுக்கிற கார்கள். பெட்ரோல் செலவு கம்பெனியுடையது, கரண்ட் பில் ஓட்டுநருடையது. பலர் வரிச் சலுகைக்காக வாங்கி, கேபிளை டிக்கியில் பிரிக்காமலே போட்டுவிட்டு, பேட்டரியை வெறும் பாரமாகச் சுமந்து திரிந்தார்கள். கிணற்று மேட்டு விவசாயி இந்தத் தவறைச் செய்ய மாட்டார். டீசல் அவர் காசு.

இந்த வண்டியின் அருமை தெரிந்தது இலங்கையில். ஜப்பானிலிருந்து இறக்குமதியான ஹைபிரிட் கார்கள் அங்கே ஏராளம். அவற்றில் மிட்சுபிஷி அவுட்லேண்டர் போன்ற பிளக்-இன் வகையும் உண்டு. 2022 நெருக்கடியில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்றது. பிறகு க்யூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லிட்டர் என்று அளந்தார்கள். அதே ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. கரண்டை மட்டும் நம்பியவரும் பெட்ரோலை மட்டும் நம்பியவரும் சேர்ந்து தவித்த காலத்தில், எது கிடைக்கிறதோ அதில் ஓடும் வண்டிக்கு ஒரு தனி மதிப்பு. தமிழ்நாட்டில் 2012 வாக்கில் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டாம்.

பணக் கணக்கு எளிது. பெரிய வண்டி ஒன்று லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் நூறு ரூபாய் விலையில் கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய். கரண்டில் 100 கிலோமீட்டருக்கு 22 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்குள். ஆனால் தினம் 8 யூனிட் போட்டால் இரண்டு மாத பில்லில் 480 யூனிட் கூடும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கட்டண அட்டவணையே வேறு என்பது பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். தோட்டத்து இலவச மின்சாரத்தில் காரைச் செருகலாமா என்று கேட்பவருக்குப் பதில்: கூடாது.

சுற்றுச்சூழல் கணக்கு அவ்வளவு பளபளப்பாக இல்லை. தொப்பூருக்கு அந்தப் பக்கம் மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம் நிலக்கரி எரிக்கிறது. இந்திய மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. 22 யூனிட்டுக்கு 15 கிலோ. அதே 100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 9 லிட்டர் என்றால் 21 கிலோ. லாபம்தான், ஆனால் பெருமை அடிக்கிற அளவுக்கு இல்லை. கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்தால் கணக்கு முழுக்க மாறும்.

இவ்வளவு சொல்லியும் மாரண்டஹள்ளி வீதியில் இந்த வண்டி கண்ணில் படாததற்குக் காரணம் விலை. 2016-இல் வந்த வோல்வோ எக்ஸ்சி90 டி8 முதற்கொண்டு இந்தியாவில் விற்றவை பெரும்பாலும் கோடி ரூபாயைத் தாண்டியவை. வரியும் சாதகமாக இல்லை. ஜிஎஸ்டி வந்தபோது பெரிய ஹைபிரிட்டுக்கு செஸ்ஸோடு 43 சதவீதம். 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு 40. முழு மின்சாரக் காருக்கு 5. அரசு செய்தது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சார்ஜ் போடுவார்களா மாட்டார்களா என்று தெரியாத வண்டிக்கு முன்கூட்டியே சலுகை கொடுத்து ஐரோப்பா பட்டது போதும்.

சீனாவில் விலை இறங்கியிருக்கிறது. இங்கும் ஒருநாள் இறங்கும். அப்போது ஷோரூம்காரர் சொல்லும் மைலேஜை நம்பாதீர்கள். வாடகை வீட்டில், மூன்றாவது மாடியில் இருந்துகொண்டு, செருக இடம் இல்லாமல் இதை வாங்குவது வீண். சொந்த வாசலும், தினம் 50 கிலோமீட்டருக்குள் வேலையும், மாதம் ஒரு நீண்ட பயணமும் உள்ளவருக்கு இதைவிட ஏற்ற வண்டி இல்லை. வாங்குவதென்று முடிவு செய்தால் முன்பணம் கட்டும் முன் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, தனி எம்சிபியோடு 16 ஆம்பியர் பாயிண்ட் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதையும் சித்திரை வெயிலில், மண் காய்ந்திருக்கும்போது சோதியுங்கள்.